கேட்டில் நின்று கேட்டவை

இந்த வாரம் தபால் பையைக் கவிழ்த்தால் பாதிக்கு மேல் ரயில்வே கேட். செம்மங்குப்பம் விபத்துக்குப் பிறகு கேட்டைப் பார்த்தாலே ஊருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. சரி, சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த வாரத்துக்கு ஒதுக்கிவிட்டு இதையே பேசிவிடுவோம்.

ஏனுங்க, நம்ம குமாரபாளையத்துல ரயிலே கிடையாது. இல்லாத ரயிலுக்கு எதுக்குங்க கேட்டு?
– விசைத்தறி உரிமையாளர், குமாரபாளையம்

கடலும்தான் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மீன் விலை விசாரிக்காமலா இருக்கிறீர்கள்? நம் ஊருக்குள் தண்டவாளம் இல்லை என்பது உண்மை. ஆனால் சங்ககிரி, ஆனங்கூர், காவேரி என்று 1860களின் தொடக்கத்தில் போட்ட பாதை நம்மைச் சுற்றிக்கொண்டுதான் ஈரோட்டுக்குப் போகிறது. அந்தப் பக்கம் சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூருக்கு 2013-ல் இன்னொரு பாதை வந்துவிட்டது. உங்கள் லுங்கி பேல் ஏற்றின லாரியும், உங்கள் பிள்ளை போகும் காலேஜ் பஸ்ஸும் எங்கோ ஓர் இடத்தில் தண்டவாளத்தைத் தாண்டாமல் ஊர் போய்ச் சேராது.

செம்மங்குப்பத்தில் யார் மேல் தப்பு? கேட் கீப்பரா, வேன் டிரைவரா?
– கல்லூரி மாணவி, குமாரபாளையம்

2025 ஜூலை 8, காலை பள்ளிக்கூட நேரம். கடலூருக்குப் பக்கத்தில் செம்மங்குப்பம். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பாசஞ்சர் ரயில், கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்த பள்ளி வேன் மேல் மோதியது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். முதலில் ரயில்வே தரப்பிலிருந்து, மூடின கேட்டை டிரைவர்தான் திறக்கச் சொன்னார் என்று ஒரு பேச்சு வந்தது. இல்லவே இல்லை, கேட் திறந்துதான் கிடந்தது என்று வேனில் இருந்தவர்கள் மறுத்தார்கள். கேட் கீப்பர் கைதானார், வேலையும் போனது.

நீங்கள் கேட்ட இரண்டு பேரோடு கணக்கு முடியாது, தாயி. அந்த கேட் 'இன்டர்லாக்' செய்யப்படாத கேட். அதாவது கேட்டுக்கும் சிக்னலுக்கும் எந்த இணைப்பும் கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் போன் அடிப்பார்: "வண்டி வருது, கேட்டைச் சாத்து." கேட் கீப்பர் சாத்திவிட்டு, தன்னிடம் இருக்கும் தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லுவார். அதற்கு பிரைவேட் நம்பர் என்று பெயர். வரிசை இல்லாமல் அச்சடித்த எண்கள். ஒன்றைச் சொன்னதும் அதை அடித்துவிட வேண்டும், மறுபடி அது செல்லாது. இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார்கள். "சாத்தியாச்சு" என்பதற்கு அத்தாட்சி அந்த ஓர் எண்தான்.

எண்ணைச் சொல்லிவிட்டு கேட்டைச் சாத்தாமல் இருந்தால்? போனுக்கு அது தெரியாது. ரிஜிஸ்டருக்குத் தெரியாது. வரும் ரயிலுக்கும் தெரியாது. செம்மங்குப்பத்தில் நடந்தது இதுதான் என்றே விசாரணைச் செய்திகள் சொல்லின. கேட்டைச் சாத்தாதவர் குற்றவாளிதான், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஒரு மனிதன் அசந்தால் மூன்று உயிர் போகும் என்கிற ஏற்பாட்டை அத்தனை வருஷம் அப்படியே விட்டுவைத்தவர்கள் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. திறந்த கேட்டை நம்பி உள்ளே வந்த டிரைவரை முதல் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. கேட் திறந்திருந்தால் "வரலாம்" என்றுதானே அர்த்தம்?

இன்டர்லாக் செய்த கேட்டில் மட்டும் கேட் கீப்பர் தூங்க மாட்டாரா?
– ஒரு குசும்பர், பள்ளிபாளையம்

தாராளமாகத் தூங்குவார். வித்தியாசம் என்னவென்றால், அவர் தூங்கினால் ரயிலும் நிற்கும்.

கேட் முழுசாக இறங்கிப் பூட்டு விழுந்தால்தான் அங்கே சிக்னல் பச்சைக்குப் போகும். பச்சை விழுந்து வண்டி நெருங்கிவிட்டால், மாமனாரே காரில் வந்து நின்றாலும் கேட்டைத் திறக்க முடியாது. கேட் சாத்தவில்லையா, சிக்னல் சிவப்பிலேயே கிடக்கும். 'ஜி' என்று எழுதின பலகை மாட்டிய அந்தக் கேட் சிக்னல் முன்னால் லோகோ பைலட் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். பகலில் ஒரு நிமிஷம், இரவில் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊர்ந்துகொண்டே கேட் வரைக்கும் வந்து, சாத்தியிருக்கிறதா என்று பார்த்து, அங்கே ஒருவர் கையில் கொடி காட்டினால்தான் மேலே போக முடியும். மனுஷன் தூங்கினாலும் பூட்டு தூங்காது.

செம்மங்குப்பம் விபத்து நடந்த மறுநாளே ரயில்வே அமைச்சகம் உத்தரவு போட்டது. ரயில்களையும் கேட்டைத் தாண்டும் வண்டிகளையும் எண்ணிப் பெருக்கும் போக்குவரத்துக் கணக்கில் இருபதாயிரம் அலகு தாண்டினால்தான் இன்டர்லாக் என்று இருந்த வரம்பைப் பத்தாயிரமாக இறக்கினார்கள். எல்லா கேட்டுக்கும் கண்காணிப்புக் கேமரா. கேட் போனில் பேசுவதைப் பதிவு செய்து அதிகாரிகள் கேட்டுப் பார்க்க வேண்டும். நல்ல உத்தரவுகள்தான், ஜூலை 7-ம் தேதியே வந்திருந்தால்.

கேட் கீப்பருக்குத் தமிழ் தெரிய வேண்டாமா?
– தமிழாசிரியர் (ஓய்வு), குமாரபாளையம்

எண்ணைச் சொல்ல எந்த மொழியும் போதும். "தண்டவாளத்துல வண்டி மாட்டிக்கிச்சு, சீக்கிரம் சிக்னலை நிறுத்துங்க" என்று நம் ஆள் கத்தினால் அது புரிய வேண்டுமே! அதற்குத் தமிழ் வேண்டும். செம்மங்குப்பத்தில் நடந்ததற்குக் காரணம் மொழி என்று சொல்ல மாட்டேன். அடுத்தது நடக்காமல் இருக்க மொழி உதவும் என்பேன்.

எங்க மச்சாண்டார் கேட்டுல வேலை பாக்குறாரு. அவசரத்துக்குத் திறந்து விடுவாருங்களா?
– பெயர் வேண்டாம், சங்ககிரி

பெயர் வேண்டாம் என்று போட்டதற்கு மச்சாண்டார் உங்களுக்கு ஒரு சேலை எடுத்துத் தர வேண்டும். சாத்தின கேட்டை அதிகாரம் இல்லாத ஆள் திறந்தால், 1989-ம் வருஷ ரயில்வே சட்டம் 160-வது பிரிவில் மூன்று வருஷம் வரைக்கும் சிறை. உடைத்தால் ஐந்து வருஷம் வரைக்கும். மச்சாண்டார் திறந்தால் அவர் வேலை போகும், ரயில் வந்துவிட்டால் அதோடும் நிற்காது. உறவும் வேண்டும், வேலையும் வேண்டும் என்றால் அவரிடம் காப்பி மட்டும் கேளுங்கள்.

ரயில் வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே கேட்டைச் சாத்திப்புட்டு உயிரை எடுக்குறாங்களே?
– பால் வண்டிக்காரர், வெப்படை

உங்கள் பால் திரிந்துவிடும் என்கிற கவலை புரிகிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். வேகமாக வரும் எக்ஸ்பிரஸ், பிரேக் பிடித்து நிற்க ஒரு கிலோமீட்டர் வரைக்கும் கூட ஓடும். அதனால் கேட் சிக்னல் ஒன்று மட்டும் போதாது. அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே எச்சரிக்கை சிக்னல் ஒன்று இருக்கும். வேகத் தடங்களில் அதற்கும் ஒரு கிலோமீட்டர் முன்னால் இன்னொன்று. லோகோ பைலட் அந்த முதல் சிக்னலைப் பார்க்கும்போதே பச்சை தெரிய வேண்டும். பச்சை தெரிய வேண்டுமானால் உங்கள் கேட் அதற்கும் முன்னாலேயே சாத்தியிருக்க வேண்டும். வண்டி கண்ணுக்கே தெரியாத தூரத்தில் வரும்போது நீங்கள் நிற்பது அதனால்தான்.

வருவது கூட்ஸ் என்றால் இன்னும் மோசம். நிலக்கரி ஏற்றின ஒரு முழு கூட்ஸ் வண்டி ஏறக்குறைய 700 மீட்டர் நீளம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் தலை முதல் வால் வரை உங்களைத் தாண்ட ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

இதெல்லாம் சரி, ஆனால் சில கேட்களில் இரண்டு மூன்று வண்டி போகிற வரைக்கும் திறக்காமலே வைத்திருக்கிறார்களே என்றால், அந்தக் கோபம் நியாயம்தான். கேட் கீப்பரிடம் காட்டிப் பிரயோஜனம் இல்லை. நேரத்தைக் குறித்து 139-க்குச் சொல்லுங்கள்.

டைமிங் ஒரு நிமிஷம் தப்புனாலும் பின்னாடி வர்ற பஸ்ஸுக்காரன் எங்க கலெக்‌ஷனை அள்ளிருவான். கேட்டு எங்களுக்கு எமனுங்க.
– தனியார் பஸ் நடத்துநர், பவானி

இலங்கையில் பொல்காவலைக்குப் பக்கத்தில் யாங்கல்மோதர என்று ஓர் ஊர். 2005 ஏப்ரல் 27. கேட் சாத்தியிருந்தும் ஒரு பஸ் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தது. கொழும்பிலிருந்து கண்டி போன ரயில் வந்துவிட்டது. குறைந்தது 35 பேர் இறந்தார்கள். இன்னொரு பஸ்ஸை முந்துகிற அவசரம் என்று அப்போது செய்திகள் வந்தன. பின்னால் வந்த பஸ்ஸுக்கு அன்றைக்கு எவ்வளவு கலெக்‌ஷன் ஆனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பைக்கைச் சாய்ச்சு கட்டைக்கு அடியில பூந்து போறதுக்கு ஃபைன் உண்டா?
– இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு, குமாரபாளையம்

உண்டு. அத்துமீறி ரயில்வே இடத்தில் நுழைந்ததற்கு 147-வது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாயைப் பார்த்துச் சிரிப்பீர்கள் என்று தெரியும். அதனால் வேறு ஒன்று சொல்கிறேன்.

நானும் கேட்டில் நின்று பார்த்திருக்கிறேன். டி.வி.எஸ். எக்ஸெல்லில் முன்னால் ஒரு துண்டு மூட்டை, பின்னால் ஒரு துண்டு மூட்டை. ஓட்டுகிறவர் இறங்கி, வண்டியை ஒருக்களித்து, சிவப்பு வெள்ளைக் கட்டைக்கு அடியில் தள்ளுகிறார். முன் மூட்டை போய்விட்டது. கண்ணாடி மாட்டிக்கொண்டது. அதை மடக்கினால் பின் மூட்டை மாட்டிக்கொண்டது. அதற்குள் கேட் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நாலு பேர் "வா வா" என்கிறார்கள், நாலு பேர் "போ போ" என்கிறார்கள். ஈரோடு பக்கம் போன வண்டி தாண்டியதும் "அவ்வளவுதான்" என்று மூட்டையை உருவிக்கொண்டு இரண்டாவது தடத்தில் காலை வைத்தார். சேலம் பக்கம் போகும் வண்டி அப்போதுதான் வளைவில் தலையைக் காட்டியது. கேட் கீப்பர் கத்தின கத்தலில் மனுஷன் மூட்டையைப் போட்டுவிட்டுப் பின்னால் குதித்தார்.

இரட்டைத் தடத்தில் பல நேரம் ஆளைக் கொல்வது முதல் ரயில் இல்லை தம்பி, இரண்டாவது ரயில். முதல் ரயிலின் சத்தத்திலும் உடம்பிலும் அது மறைந்து வரும். ஒரு வண்டி போன பிறகும் கேட் திறக்கவில்லை என்றால் கேட் கீப்பர் டீ குடிக்கப் போய்விட்டார் என்று நினைக்காதீர்கள்.

நான் ரிக் வண்டி ஓட்டுறேன். கேட்டுக்கு ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி வளைவு போட்டு வெச்சு ஏனுங்க வழிமறிக்கிறாங்க?
– ரிக் டிரைவர், திருச்செங்கோடு

இந்தியா முழுக்கப் போய் ஆயிரம் அடி துளை போடுகிற ஊர்க்காரர் நீங்கள். பூமிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தக் கம்பியில் 25,000 வோல்ட். நம் தறிக்கு வருவது 415. அந்தக் கம்பியைத் தொடவே வேண்டாம், கிட்டப் போனாலே பாயும்.

அந்த வளைவை ஹைட் கேஜ் என்பார்கள். அதன் உயரம் 4.67 மீட்டர். அதில் இடிக்காமல் போனால் கம்பிக்கும் உங்களுக்கும் போதுமான இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். இடித்தால், கடவுள் அனுப்பின எச்சரிக்கை என்று நினைத்து ரிவர்ஸ் எடுங்கள். ரிக்கின் மாஸ்ட் முழுசாகப் படுத்திருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டுத் தாண்டுங்கள். வைக்கோல் லாரிக்காரர்களுக்கும் இதுதான். லோடு மேல் உட்கார்ந்து வரும் ஆட்களைக் கேட்டுக்கு முன்னாலேயே இறக்கி நடக்க வைக்க வேண்டும். லோடு வளைவுக்குள் அடங்கும். மேலே குந்தியிருப்பவரின் தலை அந்தக் கணக்கில் சேராது.

என் பொண்ணு ஸ்கூல் வேன்ல போறா. டிரைவர்கிட்ட நான் என்ன கேக்கணும்?
– ஒரு தாய், குமாரபாளையம்

இந்த வாரக் கடிதங்களில் நான் இரண்டு முறை படித்தது இதைத்தான், அம்மா.

2014 ஜூலை 24, தெலங்கானாவில் மாசாய்ப்பேட்டை. ஆள் இல்லாத கேட். பள்ளி பஸ்ஸில் வந்த பதினைந்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். 2018 ஏப்ரல் 26, உத்தரப் பிரதேசத்தில் குஷிநகர். அதுவும் ஆள் இல்லாத கேட். 13 பிள்ளைகள். டிரைவர் காதில் இயர்போன் மாட்டியிருந்தார் என்றார்கள். அதற்குப் பிறகுதான் வேலை சூடு பிடித்து, 2019 ஜனவரி 31-க்குள் அகலப் பாதையில் இருந்த ஆள் இல்லாத கேட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். "இனி எல்லா கேட்டிலும் ஆள் இருக்கிறார்" என்று நாம் நிம்மதியாக இருந்த வேளையில்தான் ஆள் இருந்த கேட்டில் செம்மங்குப்பம் நடந்தது.

ஆள் இல்லாத கேட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 131-வது பிரிவு ஒரு வழி சொல்கிறது. வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ இறங்கித் தண்டவாளம் வரைக்கும் நடந்துபோய், இரண்டு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்து, அப்புறம்தான் வண்டியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆளே இல்லை என்றால் டிரைவரே இறங்கிப் பார்க்க வேண்டும். ஆள் இருக்கும் கேட்டுக்கு இந்தப் பிரிவு கட்டாயமில்லை. ஆனால் பிள்ளைகளை ஏற்றின வண்டி அதைச் செய்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? ஜப்பானில் கேட் திறந்தே இருந்தாலும் எல்லா வண்டியும் கோட்டுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த ஊர் ரயில்களும் சிக்னல்களும் நம்முடையதை விட மட்டமா என்ன?

நீங்கள் டிரைவரிடம் கேட்க வேண்டியது: கேட் வந்ததும் பாட்டை நிறுத்துவாரா, கண்ணாடியை இறக்குவாரா, நின்று இரண்டு பக்கமும் பார்ப்பாரா? எதிர்ப்பக்கம் வண்டி நிற்க இடம் இருந்தால் மட்டும் தண்டவாளத்தில் ஏறுவாரா? வண்டியில் உதவிக்கு இன்னொரு ஆள் இருக்கிறாரா? "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று பதில் வந்தால், நாளைக்கு உங்கள் வீட்டுக்காரரை அந்த வேனுக்குப் பின்னால் பைக்கில் அனுப்புங்கள். அவர் பார்த்துக்கொண்டு வரட்டும்.

தண்டவாளத்து மேலயே வண்டி ஆஃப் ஆகி நின்னுட்டா என்ன பண்றது?
– டிராக்டர் ஓட்டுநர், மகுடஞ்சாவடி

முதலில் ஆட்களை இறக்குங்கள். வண்டியை அப்புறம் பார்க்கலாம்; அதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. உடனே கேட் கீப்பரிடம் ஓடுங்கள். அவரிடம் சிவப்புக் கொடி இருக்கும், விளக்கு இருக்கும், டெட்டனேட்டர் என்று தண்டவாளத்தில் வைக்கும் வெடியும் இருக்கும். கேட்டிலிருந்து 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று என்று வைப்பார்கள். சக்கரம் ஏறினால் டமார் என்று வெடிக்கும். லோகோ பைலட் உடனே பிரேக்கை அழுத்துவார்.

கேட் கீப்பர் ஒரு பக்கம் ஓடினால் இன்னொரு பக்கம் நீங்கள் ஓடலாம், தண்டவாளத்தை விட்டுத் தள்ளி, ரயில் வரும் திசையை நோக்கி. கொடி இல்லாவிட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். "நிறுத்து" என்பதற்கு ரயில்வே விதியிலேயே உள்ள சைகை அது. இரவென்றால் செல்போன் டார்ச்சை உடம்புக்குக் குறுக்கே வேகமாக ஆட்டுங்கள். பகலில் குமாரபாளையம் சிவப்புத் துண்டு ஒன்று தோளில் இருந்தால் அதையும் வீசலாம். சாயம் போகாத துண்டாக இருந்தால் விசேஷம்.

தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றாதீர்கள். பாதி வண்டி நிற்பது அங்கேதான்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாரன் அடிச்சுக்கிட்டே போறாங்க. தூக்கமே இல்லீங்க.
– தண்டவாளத்து ஓர வீட்டுக்காரர், ஆனங்கூர்

கேட்டுக்குச் சுமார் 600 மீட்டர் முன்னால் மஞ்சள் பலகை ஒன்று இருக்கும். அங்கிருந்து கேட் தாண்டும் வரை ஊதிக்கொண்டே போக வேண்டும் என்பது விதி. 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு அந்த 600 மீட்டர் இருபது விநாடி. அந்த இருபது விநாடி உங்கள் தூக்கம் கெடுவது, கேட்டில் நிற்கிற ஒருவருடைய வாழ்நாளில் சேர்கிறது. பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்?

கேட்டை எடுத்துட்டு சுரங்கப்பாதை போடுங்கன்னு மனு கொடுக்கப் போறோம். கையெழுத்துப் போடுறீங்களா?
– ஊர்ப் பொதுமக்கள் சார்பில், சங்ககிரி பக்கம்

போடுவேன், ஒரு வரி சேர்த்துக்கொண்டால். "மழைத் தண்ணீர் வடிய வழியோடு" என்று. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைத் தண்ணீரில் கார் மாட்டி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். ரயிலில் அடிபடாமல் காப்பாற்ற வெட்டின பள்ளம் அது. மோட்டார் இல்லாத, வடிகால் இல்லாத, ஆழம் காட்டும் அளவுகோல் இல்லாத சுரங்கப்பாதைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். கேட்டில் ராத்திரியில் ஒரு மனுஷனாவது விழித்திருப்பார்.

அப்போ மேம்பாலம் எப்பதான் வரும்?
– அதே பொதுமக்கள்

ஒரு நாளில் போகும் ரயில்களையும், கேட்டைத் தாண்டும் வண்டிகளையும் எண்ணிப் பெருக்குவார்கள். ஐம்பது ரயில், இரண்டாயிரம் வண்டி என்றால் ஒரு லட்சம். அந்த லட்சத்தைத் தொட்டால்தான் ரயில்வேயும் மாநில அரசும் பாதிப் பாதி செலவு போட்டுப் பாலம் கட்டும் வரிசையில் உங்கள் பெயர் ஏறும். ஏறின பிறகு நிலம் எடுக்க வேண்டும், தண்டவாளத்துக்கு மேல் உள்ளதை ரயில்வே கட்ட வேண்டும், இரண்டு பக்க இறக்கத்தை நெடுஞ்சாலைத் துறை கட்ட வேண்டும். நடுவில் உள்ள துண்டு மட்டும் கட்டி முடிந்து, ஏற வழியில்லாமல் அந்தரத்தில் நிற்கும் பாலங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செம்மங்குப்பத்திலும் சுரங்கப்பாதைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி தரவில்லை என்று ரயில்வே சொன்னது. ஆக, உங்கள் மனுவை இரண்டு நகல் எடுங்கள். ஒன்று சேலம் கோட்ட ரயில்வே மேலாளருக்கு, இன்னொன்று கலெக்டருக்கு. "அவங்ககிட்டப் போங்க" என்று யாரும் உங்களை அனுப்ப முடியாது.

கேட் திறந்ததும் ரெண்டு பக்கத்துக்காரனும் ரோடு முழுக்க அடைச்சுக்கிட்டு நேருக்கு நேரா நிக்கிறானே, இதுக்கு சட்டம் இல்லையா?
– ஆம்புலன்ஸ் ஓட்டுநர், நாமக்கல்

இடது பக்கமாக வரிசையில் நில், கேட்டில் முந்தாதே என்று சட்டம் சொல்கிறது. நம் ஆட்களோ கேட் சாத்தின உடனே கபடி ஆட்டம் மாதிரி கோட்டின் இரண்டு பக்கமும் அணிவகுத்துவிடுவார்கள். திறந்ததும் "கபடி கபடி" என்று பாய்வார்கள். நடுவில் தண்டவாளத்தின் மேல் ஒரு கார் மாட்டிக்கொண்டு நிற்கும். நல்லவேளை, நடுவர் இன்டர்லாக் பூட்டோடு உட்கார்ந்திருந்தால் கேட்டைத் திரும்பச் சாத்த முடியாத வரைக்கும் அடுத்த ரயிலுக்குப் பச்சை விழாது. இன்டர்லாக் இல்லாத கேட் என்றால் அந்தக் கார்க்காரர் கதி அதோகதி.

உங்கள் கேள்வியில் ஆம்புலன்ஸ் என்று போட்டிருந்ததால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு உள்ளே நோயாளி இருந்தாரா? இருந்தார் என்றால், வலது பக்கம் அடைத்து நின்றவர்களின் வண்டி நம்பரைக் குறித்து வைத்திருக்கிறீர்களா? அடுத்த வாரம் அனுப்புங்கள். அந்த நம்பர்களைப் போலீஸிடம் கொடுத்துவிடலாம்.